மலைவீட்டுக்கு சோலார்: நீலகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"இனிமே உங்களுக்கு பில்லே வராது சார்" என்று சொல்லிக்கொண்டே அந்த விற்பனையாளர் தாளில் கணக்குப் போட்டார். ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட்டுக்கு 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720. எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே அரவேணுப் பக்கம். நவம்பர் மாதம், மதியம் இரண்டரை மணி. எதிர்வீட்டுக் கூரை மஞ்சில் மறைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது சமவெளியில் பழகிய கணக்கு. ஈரோட்டுக்கும் கரூருக்கும் அது சரிதான். அதை அப்படியே மலைக்குத் தூக்கி வந்ததில்தான் பிழை. இன்னொரு சங்கதியும் உண்டு. மத்திய அரசின் மானியம் 3 கிலோவாட்டில் உச்சம் தொடுகிறது. அதனால் தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லா வீட்டுக்கும் 3 கிலோவாட்டே விற்கப்படுகிறது. உங்கள் வீட்டுக்கு ஒன்றே போதுமாக இருக்கலாம். பேனலே இப்போதைக்கு வேண்டாம் என்றுகூட வரலாம். அதை விற்பவர் கண்டுபிடித்துச் சொல்லமாட்டார், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: ஈபி கணக்கோடு உட்காருங்கள்

கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்களையும் எடுத்து, யூனிட்டை மட்டும் வரிசையாக எழுதுங்கள். மலையில் டிசம்பர், ஜனவரி பில்லும் மே மாத பில்லும் ஒன்றாக இருக்காது. எனவே ஒரே ஒரு பில்லை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இப்போது சராசரியிலிருந்து 100 யூனிட்டைக் கழியுங்கள். 2016 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏற்கெனவே சும்மா கிடைக்கும் மின்சாரத்தைக் காசு கொடுத்துக் கூரையில் தயாரிப்பதில் லாபம் இல்லை. மிகச் சாதாரணமான இந்தக் கழித்தலை எந்தக் கொட்டேஷனிலும் நான் பார்த்ததில்லை.

ஓர் உதாரணம். நாலு பேர் உள்ள வீடு, வெந்நீருக்கு விறகடுப்பு, இரண்டு மாதத்துக்கு 340 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, அதற்கு மேல் 400 வரை ரூ.4.70. பில் 893 ரூபாய் வரும். மலையில் கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 3 யூனிட் என்று வையுங்கள் (நான் அப்படித்தான் வைக்கிறேன், கூடுதலாக வந்தால் சந்தோஷம்). ஒரு கிலோவாட் பேனல் இரண்டு மாதத்தில் 180 யூனிட் தரும். மிச்சம் 160, பில் 141 ரூபாய். ஆக, முதல் கிலோவாட் ஒரு பில்லுக்கு 752 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. இரண்டாவது கிலோவாட்டும் போட்டால்? மீதமிருக்கும் 141 ரூபாயைத்தான் அதனால் மிச்சம் பிடிக்க முடியும். வருடத்துக்கு 846 ரூபாய்.

இன்னொரு வீடு. கூட்டுக் குடும்பம், கீசர், குளிருக்கு ஹீட்டர், இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறுக்கான பாதி விலைச் சலுகை போய்விடும். 501-லிருந்து யூனிட் 8 ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். இவர்கள் பில் 4,000 ரூபாய் அளவுக்கு வரும். இங்கே 2 கிலோவாட் போட்டால் 360 யூனிட் குறைந்து, பில் ஆயிரத்துக்குள் வந்துவிடும். ஒரு பில்லுக்கு மூவாயிரம் மிச்சம். மூன்றாவது கிலோவாட் அதற்கு மேல் 800 ரூபாய் சேர்க்கும். இந்த வீட்டுக்கு சோலார் போடு என்று நான் யோசிக்காமல் சொல்வேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது.

படி 2: முதலில் வெந்நீர்

மலைவீட்டில் கரண்டைக் குடிப்பது ஃப்ரிட்ஜும் டிவியும் அல்ல, கீசர்தான். குழாயில் 12 டிகிரியில் வரும் 100 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும். இது இயற்பியல் கணக்கு. எந்தக் கம்பெனி கீசர் வாங்கினாலும் மாறாது. இரண்டு மாதத்துக்கு 230 யூனிட்.

மேலே சொன்ன 720 யூனிட் வீட்டில் வெந்நீரை சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மாற்றினால் என்ன ஆகும்? வெயில் நன்றாக அடிக்கும் ஒரு பில் காலத்தில் 720-லிருந்து 490-க்கு இறங்கும். 500-க்குக் கீழே வந்துவிட்டதால் சலுகைக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நாலாயிரம் ரூபாய் பில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ஆகிவிடும், கூரையில் ஒரு பேனல்கூட இல்லாமல்! மழை மாதங்களில் கீசரைப் போடத்தான் வேண்டியிருக்கும். வருடம் முழுக்க இந்த லாபம் வராது. இருந்தாலும் போட்ட பணத்தை வேகமாகத் திருப்பித் தருவது இதுதான் என்பது என் கணிப்பு.

வாட்டர் ஹீட்டருக்கு இப்போதைய சோலார் கூரைத் திட்டத்தில் மானியம் கிடையாது. விற்பனையாளர்கள் இதைப் பற்றி வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாங்கினால் கண்ணாடிக் குழாய் வைத்த வகையை வாங்குங்கள். குளிரிலும் மேகமூட்டத்திலும் தட்டை வகையைவிட அது நன்றாக வேலை செய்யும். ஊட்டி, கேத்தி போன்ற உறைபனி விழும் இடங்களில், தட்டை வகையின் செப்புக் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு. எதை வாங்கினாலும் கூரையிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய்க்கு நல்ல உறை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சூடெல்லாம் வழியிலேயே போய்விடும்.

கவாத்துக் குச்சியை (தேயிலைச் செடியில் வெட்டிய கிளை) எரித்தே வெந்நீர் போடுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 3: உங்கள் கூரைக்கு எத்தனை மணி நேர வெயில்?

நீலகிரி என்று ஒரே வெயில் கிடையாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் முழுகிவிடும்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. ஜூலையில் கூடலூர் இருண்டு கிடக்கும்போது இங்கே ஓரளவு வெயில் இருக்கும். ஆகவே பந்தலூர்ச் சொந்தக்காரர் வீட்டு மீட்டரைப் பார்த்து கோத்தகிரி வீட்டுக்கு முடிவு செய்யாதீர்கள்.

திசை, சாய்வு இரண்டையும் பார்ப்போம். நாம் இருப்பது வட அட்சரேகை 11 டிகிரியை ஒட்டி. தெற்கு பார்த்து, சுமார் 11 டிகிரி சாய்வில் பேனல் வைப்பது பொதுவான விதி. ஊட்டி முத்தோரையில் 1970-லிருந்து இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள்; 530 மீட்டர் நீளத்தில் மலைச்சரிவில் படுத்துக் கிடக்கும். அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததே அதன் சாய்வு 11 டிகிரி என்பதால்தான். அட்சரேகையும் சாய்வும் ஒன்றானால், அந்தச் சாய்வு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். உங்கள் பேனலுக்கும் அதே வடிவியல்தான். ஆனால் வீட்டுக்கு அந்த அளவு துல்லியம் தேவையில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கேதான் இருக்கும். மேகமூட்ட நாளில் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வரும். செங்குத்தான ஓட்டுக் கூரையின் வடக்குப் பக்கத்தைத் தவிர மற்றவை பரவாயில்லை.

குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் நான் இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். காலையில் பளிச்சென்று வெயில் அடித்து, மதியத்துக்கு மேல் கீழிருந்து மஞ்சு ஏறிவரும் இடமா உங்களுடையது? அப்படியானால் கிழக்குப் பார்த்த கூரைதான் உங்களுக்குச் சொத்து. ஒரு மாதம் நாள்காட்டியில் குறித்து வாருங்கள்: வெயில் வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான்.

அப்புறம் நிழல். டிசம்பரில் நடுப்பகல் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரை மட்டத்துக்கு மேல் 30 அடி நிற்கும் சில்வர் ஓக் மரம் அப்போது 21 அடிக்கு நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். பேனல்களைத் தொடராக இணைப்பதால் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடிவாங்கும். மரத்தை வெட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். நிழல் தவிர்க்க முடியாத கூரை என்றால் பேனலுக்கு ஒன்றாக வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டரைப் பற்றி விசாரியுங்கள் (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர்). விலை கூடும், ஆனால் நிழல் விழுந்த பேனல் மட்டும்தான் சோரும்.

குளிர் நமக்குச் சாதகம். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். கீழே மே மாதத்தில் கொதிக்கும் பேனலைவிட, வெயில் அடிக்கும் நேரத்தில் நம் பேனல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதே குளிர் மின்னழுத்தத்தை ஏற்றும். உறைபனி விழுந்த காலை, பளிச்சென்று வெயில் விழும்போது பேனல் வரிசையின் வோல்டேஜ் இன்வெர்ட்டர் தாங்கும் அளவைத் தாண்டிவிடக் கூடாது. "குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு என்று வைத்து வோல்டேஜ் கணக்குப் போட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மலை தெரிந்தவரா இல்லையா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

படி 4: மானியம் எப்படி வேலை செய்கிறது

இப்போது நடப்பில் இருப்பது 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம். ஒரு கோடி வீடுகளுக்கு என்று 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி, 2026-27 நிதியாண்டு வரை அறிவித்தார்கள். மானியம் இப்படி: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான்.

இந்த எண்கள் வந்த வழியும் தெரிந்திருக்கட்டும். அரசு கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று ஓர் அடிப்படை விலை வைத்து அதில் 60 சதவீதம் கொடுக்கிறது. மூன்றாவது கிலோவாட்டுக்கு 45,000 வைத்து 40 சதவீதம். மலையில் யாரும் அந்த விலைக்குப் போட்டுத் தரமாட்டார்கள். பேனல் ஒன்று இரண்டேகால் மீட்டர் நீளம், 28 கிலோ அளவுக்கு எடை. ரோட்டிலிருந்து நூறு படி இறங்கும் வீட்டுக்கு அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் கூலி எந்த அடிப்படை விலையிலும் இல்லை. கூடுதல் விலை முழுக்க நம் கையிலிருந்துதான் போகும்.

அந்த 340 யூனிட் வீட்டுக்குத் திரும்புவோம். அடிப்படை விலைக்கே கிடைத்தாலும், மானியம் போக ஒவ்வொரு கிலோவாட்டும் 20,000 ரூபாய். முதல் கிலோவாட் நாலரை வருடத்தில் பணத்தைத் திருப்பும். இரண்டாவது கிலோவாட்டுக்கு 23 வருடத்துக்கு மேல் ஆகும்.

பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம். கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய கொட்டேஷனையே நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கிகளில் கடனும் கிடைக்கிறது.

படி 5: கரண்ட் போனால் சோலாரும் போகும்

இது தெரியாமல் போட்டுவிட்டுத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். மானியத்தில் வழக்கமாகப் போட்டுத் தரும் அமைப்பு, ஈபி லைனோடு சேர்ந்தே ஓடும். லைனில் கரண்ட் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் காற்று மழையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) லைன்மேல் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாத ஊரில், கூரையில் பேனலை வைத்துக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றுவது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் இந்தப் பிரச்சினை தீரும். பேட்டரிக்கு மானியம் இல்லை. லைட்டு, ஃபோன், வைஃபை மட்டும் ஓடினால் போதும் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண யுபிஎஸ்ஸே போதும் என்பேன். பேட்டரி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் குளிரை மறக்காதீர்கள்: ஈய-அமில பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும், லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. இரண்டையும் வீட்டுக்குள் வையுங்கள், வெளித்திண்ணையில் வேண்டாம்.

படி 6: காகிதங்கள்

மலையில் பாதி வேலை இங்கேதான் நிற்கும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். இணைப்பின் பெயரும் விண்ணப்பதாரர் பெயரும் மானியம் வரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். விற்பனையாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே.

கூரை உங்கள் உரிமையில் இருக்க வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஹட்டி (படுகர் ஊர்) வீடுகளில் கூரையின் எந்தப் பகுதி யாருடையது என்று அண்ணன் தம்பிகளுக்குள் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. மலைப்பகுதிக் கட்டட விதிகளில் உயரக் கட்டுப்பாடு உண்டு. கூரைக்கு மேல் உயரமான தூண் நட்டுப் பேனல் வைக்கப்போகிறீர்கள் என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யாருக்கு இந்தத் திட்டம் எட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் லைன் வீட்டில் (தோட்ட நிர்வாகம் தரும் வரிசை வீடு) இருப்பவர்களுக்குக் கூரை சொந்தமில்லை. கூடலூரில் செக்‌ஷன் 17 நிலத்தில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 1969-ஆம் ஆண்டின் ஜென்மி (பரம்பரை நிலக்கிழார்) நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் முடிவாகாமல் கிடக்கும் அந்த நிலங்களில், பல வீடுகளுக்கு வருடக்கணக்காக மின் இணைப்பே கிடைக்கவில்லை. இணைப்பு இல்லாதவருக்கு மானியமும் இல்லை. கரண்ட் இருக்கிறவருக்குத்தான் இலவசக் கரண்ட்! 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்துக் கீழே அனுப்பிய மலை இது. அந்த வீடுகளுக்குச் சிறிய பேனல், ஒரு பேட்டரி, நாலைந்து எல்இடி விளக்கு என்ற தனி அமைப்புதான் வழி. அதற்குச் செலவழிக்கும்போது பேட்டரிதான் முதலில் ஓயும் என்பதை மனதில் வைத்து, அதை மாற்ற மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

படி 7: விண்ணப்பம்

இது கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் உண்மையில் சுலபம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில் மாநிலம், மின் பகிர்மானக் கழகம், மின் இணைப்பு எண், கைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். 2024-க்குப் பிறகு நம் மின்வாரியத்தின் விநியோகப் பிரிவுக்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். பழைய பெயரைத் தேடி அலையாதீர்கள். 2024-இல் திருத்திய மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையான விண்ணப்பம் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கொள்ள வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு, தளத்தில் பதிவு செய்த விற்பனையாளர்களில் குறைந்தது மூன்று பேரை வீட்டுக்கு அழையுங்கள். கூரைமேல் ஏறிப் பார்க்காமல் விலை சொல்பவரை அப்போதே தள்ளிவிடலாம்.

வேலை முடிந்ததும் விவரங்களைத் தளத்தில் ஏற்றி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அளக்கும் நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். செக்‌ஷன் ஆபீஸிலிருந்து ஈபி ஆட்கள் வந்து பார்த்து, இருவழி மீட்டர் மாட்டி, அறிக்கை கொடுப்பார்கள். அதன் பிறகு வங்கி விவரம் கொடுத்தால் 30 நாளுக்குள் மானியம் கணக்குக்கு வர வேண்டும்.

நெட் மீட்டரில் மலைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. லைனுக்குக் கொடுத்த உபரி யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகும். ஆனால் வருடக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நமக்கு நல்ல வெயில் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது சேரும் வரவை, மஞ்சு மூடும் மாதங்களுக்குக் கொண்டுபோக முடியாது. பெரிதாகப் போட்டுக் கோடையில் சேமித்து மழைக்காலத்தில் செலவழிக்கலாம் என்ற யோசனை இதனால்தான் பாதிக்குமேல் பலிக்காது.

படி 8: மாட்டும் நாள்

அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். தகரக் கூரையென்றால் தாங்கியைத் தகரத்தோடு திருகாமல், அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தோடு திருக வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வாஷர். மங்களூர் ஓடென்றால் கைமரத்தின் வலுவை ஒரு தச்சரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்மேல் யாரையும் நேரடியாக ஏறவிடாதீர்கள், உடைந்து ஆள் உள்ளே விழுவார். பேனல் கூரையை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும். தூக்கி வைத்தால் ஜூலைக் காற்று அடியில் புகுந்து அள்ளிவிடும். இடிதாங்கியும் தனித்தனி எர்த் குழிகளும் கண்டிப்பாக வேண்டும். அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள், கூடாது.

தேயிலைத் தோட்டத்து ஓரமாகத் தரையில் வைக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். காட்டுமாடு முதுகு தேய்த்துவிட்டுப் போகும், கூடலூர்ப் பக்கம் யானை. கூரையே மேல்.

கூரையிலும் குரங்கு வரும். பேனல் கண்ணாடி அதன் குதிப்பைத் தாங்கும். தொங்கும் ஒயரைப் பிடித்து ஆடினால்தான் வம்பு. எல்லா ஒயரும் குழாய்க்குள் போயிருக்கிறதா என்று ஏணியில் ஏறி நீங்களே பாருங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு திட்டத்தின்படி விற்பனையாளர் பொறுப்பு. மலைக்கு ஏறிவந்து செய்வாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கழுவுவதற்குப் பெரிய வித்தை இல்லை. நம் ஊரில் தூசியைவிடப் பாசிதான் தொல்லை. பேனலின் கீழ் விளிம்பில் பச்சையாகப் படரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் போதும். உறைபனி படிந்த காலையில் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பத்து மணி வெயிலில் அதுவே உருகி வடிந்துவிடும். கழுவும் நாளை மீட்டர் கணக்கெடுப்பு நாளாக வைத்துக்கொண்டால் இன்னொரு வேலையும் முடியும்: இன்வெர்ட்டர் காட்டும் மொத்த உற்பத்தியையும், மீட்டரில் உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்பதையும் நாள்காட்டியில் எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் முதல் மூன்று பில்லில் ஒன்று தப்பாக வந்தது. அந்த நாள்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்டியதும் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.